இயற்கை பார்த்துக்கொள்ளுமா?

அன்புள்ள அக்கா,

நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். ஐ.டி. வேலை. என் மகனுக்கு ஐந்தரை வயது, யூகேஜி படிக்கிறான். எழுத்துகளைத் திருப்பிப் போடுகிறான் என்று பள்ளியில் தினமும் திட்டு. காலையில் சீருடையைப் பார்த்தாலே வயிறு வலிக்கிறது என்கிறான். இந்த நேரத்தில்தான் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ரூசோவின் ‘எமில்’ என் கைக்கு வந்தது. ஒரு ஆசிரியர் எமில் என்ற கற்பனைச் சிறுவனை வளர்ப்பதாக எழுதிய கல்விப் புத்தகம். பன்னிரண்டு வயது வரை குழந்தைக்குப் புத்தகமே வேண்டாம், இயற்கையே கற்றுக்கொடுக்கும் என்கிறார். தாகூரும் காந்தியும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். ஃபின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளியே. இவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீடு, கடற்கரை, செடி கொடி என்று வளர்க்கலாமா? இ.சி.ஆர். பக்கம் ஒரு மாற்றுப் பள்ளி பார்த்தேன், கட்டணமும் தூரமும் அதிகம். என் மனைவி வங்கியில் வேலை செய்கிறார், தேவைப்பட்டால் வேலையை விட்டுவிடுவார். மகள் எட்டாவது, அவளால் பிரச்சினை இல்லை, நன்றாகப் படிப்பாள். நீங்கள் வட சென்னையில் வளர்ந்தவர். இயற்கைவழிக் கல்வி இங்கே சாத்தியமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் பையன். அந்த வயிற்றுவலி நடிப்பு இல்லை. பயந்த குழந்தைக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும். ஐந்தரை வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது ரொம்ப சாதாரணம், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓரிரு வருடத்தில் தானாகச் சரியாகிவிடும். நாளைக்கே அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போய் அந்த ஆசிரியையிடம் பேசுங்கள். சத்தம் போடாமல் பேசுங்கள். திட்டு நிற்கவில்லை என்றால் பள்ளியை மாற்றுங்கள். இவ்வளவுக்கு ரூசோ தேவையில்லை.

ஃபின்லாந்தை விட்டுவிடுவோம். அங்கே ஏழு வயது வரை பிள்ளைகள் சும்மா காட்டில் திரிகிறார்களா என்ன? சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் மையங்கள் இருக்கின்றன, ஆறு வயதில் ஒரு வருட முன்பள்ளி கட்டாயம். தாகூரையும் காந்தியையும் ரூசோவோடு ஒரே வரியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். 1937இல் வார்தாவில் காந்தி சொன்னது கைத்தொழில் வழியாகக் கல்வி. அது வேறு விஷயம், இன்னொரு நாள் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தைத் தள்ளிவைக்க முடியாததற்குக் காரணம் என் சித்தப்பா. இந்த வருடம் தவறிவிட்டார். எண்ணூர் பக்கத்துக் குப்பம் ஒன்றில் இருந்தார். சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவு விட்டதும் தண்டையார்பேட்டையிலிருந்து எங்களைக் கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டுவிடுவார்கள். பையன்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், “போங்கடா, நீங்களே கத்துக்குங்க” என்று தண்ணீரில் இறக்கிவிட்டுத் தள்ளிப் போவார். பெண்பிள்ளைகளான நாங்கள் அவர்கள் கழற்றிப் போட்ட துணிகளுக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்திருப்போம். அதனால் பையன்களுக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரியும். சித்தப்பா எங்கேயும் போகவில்லை. முகத்துவாரத்தை நோக்கித் தண்ணீர் இழுக்கிற பக்கமாகப் போய், கழுத்தளவு ஆழத்தில், வலை அலசுகிறவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார். அந்த வலையில் அலச ஒன்றும் இருக்காது. எவனாவது இழுபட்டு வந்தால் கையால் ஒரு தள்ளு, அவன் ஆழம் குறைந்த இடத்துக்குப் போய்ச் சேருவான். தானே நீந்திவிட்டதாகக் கத்துவான். எந்த நேரத்தில் தண்ணீர் ஏறும், எப்போது வற்றும், எங்கே சேறு, எங்கே சிப்பி காலைக் கிழிக்கும் என்று எல்லாம் பார்த்துத்தான் அந்த இடத்தையும் அந்த நேரத்தையும் அவர் வைத்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்தில் அந்தப் பையன்களில் ஒருவன், இப்போது அவனே தாத்தா, சுற்றியிருந்த பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: “எங்களுக்கெல்லாம் யார் கத்துக்குடுத்தாங்க? ஆறுதான் கத்துக்குடுத்துச்சு.” துக்க வீடு என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் அதே பேச்சோடு உங்கள் கடிதம் வந்து நிற்கிறது.

நீங்கள் படித்தது முழு ‘எமில்’தானா, இல்லை யாரோ பத்து நிமிடத்தில் சொன்ன சுருக்கமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். 1762இல் வந்த அந்தப் புத்தகத்தில் இயற்கை தானாக எதையும் கற்றுக்கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை. சிறுவன் எமில் அவரைக்கொட்டை விதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறான். ஒருநாள் வந்து பார்த்தால் செடியெல்லாம் பிடுங்கிக் கிடக்கிறது. தோட்டக்காரர் ராபர்ட் வந்து, நான் முலாம்பழ விதை போட்டிருந்த இடத்தை நீ கெடுத்துவிட்டாய் என்று சண்டை போடுகிறார். அடுத்தவன் உழைத்த நிலம் என்றால் என்ன என்று பையன் கற்றுக்கொள்கிறான். அப்புறம் மோன்மொரான்சி காட்டில் வழி தவறிப் பசியோடு அழுகிறான், மதிய நிழலை வைத்துத் திசை கண்டுபிடிக்கிறான். வானநூலுக்கு உபயோகம் உண்டு என்று புரிகிறது. இரண்டு இடத்திலும் ஏற்பாடு ஆசிரியருடையது. இன்னொரு பிடிவாதக்காரப் பையன் வருகிறான். நினைத்த நேரத்தில் வெளியே கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடிப்பவன். சரி, தனியாகவே போ என்று ஆசிரியர் அனுப்புகிறார். அக்கம்பக்கத்தார் அவனைக் கேலி பேசுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்தாகிவிட்டது. அவனுக்குத் தெரியாமல் ஒரு நண்பர் பின்னாலேயே போகிறார். சித்தப்பாவின் காலி வலைதான் இதுவும். வித்தியாசம், ரூசோ வாசகனிடம் எதையும் மறைக்கவில்லை. நீங்கள்தான் காட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

தான் பெற்ற ஐந்து பிள்ளைகளையும் அநாதை இல்லத்தில் விட்டவர் பேச வந்துவிட்டாரா என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கல்லை நான் எடுக்க மாட்டேன். புத்தகம் புத்தகமாக நிற்கட்டும். குழந்தை என்பது குட்டிப் பெரியவர் இல்லை, அதற்கென்று ஒரு பார்வையும் வேகமும் உண்டு என்று அவ்வளவு அழுத்தமாகச் சொன்ன மனிதர். பெஸ்டலாட்சி, ஃப்ரோபெல் என்று பின்னால் வந்த கல்வியாளர்கள் எல்லாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

எனக்கு ஒத்துவராத இடம் ஒன்று உண்டு. பையன் ஜன்னலை உடைத்தால் அடிக்காதே, குளிர்காற்று அவன்மேல் அடிக்கட்டும், அதுவே பாடம் என்கிறார். நூறு வருடம் கழித்து, 1861இல், ஆங்கிலச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் இதையே கொள்கையாக்கினார். திருவொற்றியூரில் ஜன்னல் உடைந்தால் காற்றா வரும்? கொசு வரும். அது உடைத்தவனை விட்டுவிட்டுத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் கடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கியதே, உங்களுக்கு நினைவிருக்கும். பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, முகத்துவாரம் எல்லாம் கறுப்பு. படகும் வலையும் பிசுபிசுத்துப் போயின. கூழைக்கடாக்கள் சிறகை விரிக்க முடியாமல் நின்றன. அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் எந்த ஜன்னலை உடைத்தார்கள்? தப்பு செய்தவனைத் தேடிப்போய்த் திருத்துகிற இயற்கையை நான் எங்கள் பக்கம் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கத்தையும் புரட்டுங்கள். எமில் பணக்கார வீட்டுப் பிள்ளை, ஆரோக்கியமானவன். நோயாளிக் குழந்தையை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை அவனுக்கு ஒரே ஆசிரியர், ஆசிரியருக்கும் அவன் ஒருவனே மாணவன். ஏழைக்குக் கல்வி தேவையில்லை, அவனுடைய நிலைமையே அவனுக்கு வேண்டியதைக் கற்றுக்கொடுத்துவிடும் என்றும் ரூசோ சொல்கிறார். இதைப் படித்ததும் எனக்கு 1953 ஞாபகம் வந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் அரை நேரம் பாடம், மீதி நேரம் வீட்டில் அப்பனுடைய தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்தார். அதிலும் சூழலே கல்வி என்ற பேச்சுதான், கேட்க அழகாகத்தான் இருந்திருக்கும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து ஊரே எதிர்த்தது. 1954இல் காமராஜர் வந்ததும் அது போனது. கடலே பள்ளிக்கூடம் என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டில் பெரியவர்கள் எரிச்சலாவார்கள். சித்தப்பாவும்தான். அவருக்குக் கடல் அத்துப்படி. தன் பிள்ளைகள் ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போட்டாலும் தோலை உரித்துவிடுவார்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் கழுத்தளவுத் தண்ணீரில் யார் நிற்கப் போகிறார்கள்? “தேவைப்பட்டால் அவர் வேலையை விட்டுவிடுவார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். யாருக்குத் தேவைப்பட்டால்? அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் “விடுகிறேன் என்றார்” என்று எழுதியிருப்பீர்கள். நீங்கள் ஏன் விடக் கூடாது? ரூசோ படித்தவர் நீங்கள், ஆசை உங்களுடையது, எமிலின் ஆசிரியரும் ஆண்தான். காலையில் பையனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். அலை தடுக்கப் போட்ட பாறைகளில் வழுக்கிவிடாமல் பார்க்க வேண்டும். அவன் ஒரு நண்டைப் பிடித்துக்கொண்டு வந்து பதில் தெரியாத கேள்வி கேட்டால், பதில் சொல்லாமல், அவனே தேடுகிற மாதிரி அடுத்த நாளை அமைக்க வேண்டும். நடுவில் சமையல், துணி, உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மாத்திரை. இதை ஏழு வருடம், சம்பளமில்லாமல் செய்ய வேண்டும். சாயங்காலம் நீங்கள் லேப்டாப்பை மூடிவிட்டு வந்து, “பார், இயற்கை எவ்வளவு அழகாகக் கற்றுக்கொடுக்கிறது” என்பீர்கள்.

அந்தப் புத்தகத்தின் ஐந்தாம் பாகம் சோஃபியைப் பற்றியது, எமிலுக்கு மனைவியாக வரப்போகிறவள். நாலு பாகம் சுதந்திரம் பேசியவர் அங்கே, பெண்ணுக்குக் கொடுக்கும் கல்வி ஆணைச் சந்தோஷப்படுத்துவதற்கும் அவனுக்கு உதவியாக இருப்பதற்கும் என்கிறார். அவளை வெயிலில் விட்டு நிழல் பார்க்கச் சொல்லவில்லை. 1792இலேயே பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் இதை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். உங்கள் கடிதத்திலும் ஒரு பெண் இருக்கிறாள். எட்டாவது படிக்கிறாள், பிரச்சினை இல்லை. அவ்வளவுதான் அவளுக்கு. பள்ளி அவ்வளவு கெட்டது என்றால் எட்டு வருடமாக அவளை ஏன் அங்கேயே வைத்திருக்கிறீர்கள்? அவளுக்கு வயிறு வலித்ததே இல்லையா, இல்லை சொல்லவில்லையா?

என் நாத்தனார் வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவான முறையிலிருந்து எடுத்தது. 2007இல் தமிழ்நாடு முழுக்கப் போனது. பாட அட்டைகள், கற்றல் ஏணி, பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை, பாயில் உட்கார்ந்த ஆசிரியர். அவரவர் வேகத்தில் ஏறலாம், லீவு போட்ட பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம். நீங்கள் இ.சி.ஆரில் தேடுகிற அதே யோசனை, காசில்லாமல், தெருமுனைப் பள்ளிக்கு வந்தது. “டீச்சர் தரையில உக்காந்து விளையாடுறாங்க, பாடம் எப்ப நடத்துவீங்க?” என்று பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். சிலர் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கான்வென்ட்டில் சேர்த்தார்கள். நாத்தனாருக்கு அதுகூடப் பெரிய கவலை இல்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு படியில். யார் எங்கே நிற்கிறது, எது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா முழிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்குள் பள்ளி விட்டுவிடும். அட்டை நல்ல அட்டைதான், பார்க்க இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்பார்.

உங்கள் கேள்வியை நான் எங்கோ விட்டுவிட்டேன். வட சென்னையில் சாத்தியமா என்றால், சனி ஞாயிறு இரண்டு பிள்ளைகளையும் காசிமேட்டுக்குக் கூட்டிப்போங்கள், விடியற்காலை ஏலம் பார்க்கட்டும். எண்ணூரில் அலையாத்தி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, காட்டுங்கள். மற்ற நாட்களில் பையன் திட்டாத ஒரு பள்ளிக்குப் போகட்டும். உங்கள் மனைவி வங்கிக்குப் போகட்டும். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். மறுப்பு இருந்தால் அவரே எழுதட்டும், அதையும் இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா