பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லையே டாக்டர்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். இளவயதில் கரையில் நின்று கரமடி வலை இழுத்தவர், பிறகு வள்ளத்தில் போனவர். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் தேறி, கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சுதான் போய்விட்டது. எதைக் கேட்டாலும் "ஆமா" ஒன்றுதான். வேண்டாம் என்பதற்கும் "ஆமா"தான். போன மாதம் ஞாயிறு பூசைக்கு அழைத்துப் போனோம். பாடற்குழு தொடங்கியதும் அப்பாவும் கூடச் சேர்ந்து இரண்டு அடி முழுசாகப் பாடினார், ஒரு வார்த்தை பிசகவில்லை. பாடி முடித்து அழுதார். வீட்டுக்கு வந்து "வெள்ளம் (தண்ணீர்) வேணுமா?" என்று கேட்டால் பழையபடி "ஆமா". "பாடத் தெரியுது, வெள்ளம் கேக்கத் தெரியாதா? வீம்பு" என்கிறான் தம்பி. பக்கத்து வீட்டார் புதுமை, அற்புதம் என்கிறார்கள். இனிப் பேச்சு வராது என்று ஒரு மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். யார் சொல்வது சரி? வீட்டில் பாட்டு போட்டு வைத்தால் பேச்சு வருமா?

பதில்: முதலில் உங்கள் தம்பிக்கு. அப்பா வீம்பு பிடிக்கவில்லை. பாட முடிவதும் பேச முடியாததும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். இது மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி. பக்கவாதத்தால் பேச்சை இழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களை மட்டும் பாடினார் என்று ஸ்வீடனில் 1745-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவரும் உங்கள் அப்பாவைப் போல வலப்பக்கம் விழுந்தவர்தான்.

காரணம் மூளையின் அமைப்பில் இருக்கிறது. வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சை உருவாக்கும் பகுதி இடது மூளையில், நெற்றிப் பொட்டுக்குச் சற்று உள்ளே இருக்கிறது. வலது கையையும் காலையும் இயக்கும் பகுதி அதற்கு அடுத்த வீடு. இரண்டுக்கும் இரத்தம் ஒரே குழாயில் போகிறது. அது அடைத்தால் கையும் பேச்சும் சேர்ந்தே போகும். இந்த இடத்தைக் கண்டு சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. 1861-ல் அவர் பார்த்த நோயாளி எதைக் கேட்டாலும் "டான்" என்று மட்டுமே சொல்வார். மற்றவர் பேசுவது அவருக்குப் புரியும், ஆனால் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். உங்கள் அப்பாவின் "ஆமா"வும் அந்த வகையாக இருக்கலாம். அதற்கு "சம்மதம்" என்று பொருள் கொள்ளாதீர்கள். கதவு அடைத்துக்கொண்டபோது வெளியே மாட்டிக்கொண்ட சொல் அது.

பாட்டுக்கு வேறு வழியும் உண்டு. மெட்டையும் நீட்டலையும் கவனிக்கிற வேலையில் வலது மூளைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் சேதம் இருக்காது. இன்னொன்று, நாற்பது ஐம்பது வருஷம் வாரம் தவறாமல் பாடிய பாட்டு சொல் சொல்லாக நினைவில் இருப்பதில்லை. சுருட்டி வைத்த கயிறு மாதிரி ஒரே கட்டாக இருக்கும். நுனி கையில் கிடைத்தால் மீதி தானாக வந்துவிடும். "வெள்ளம் வேணும்" அப்படி அல்ல. ஒவ்வொரு தடவையும் சொல்லைத் தேட வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும், நாக்குக்கும் உதட்டுக்கும் உத்தரவு போக வேண்டும். பாட்டைவிட அதுதான் கடினம். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒன்று, இரண்டு என்று நீங்கள் எண்ணத் தொடங்குங்கள், அவர் ஏழு எட்டு என்று கூட வரலாம். ஜெபமாலை சொல்லும்போதும் வாய் அசையலாம். கெட்ட வார்த்தையும் இந்தச் சுருளில்தான் கிடக்கிறது. கோபத்தில் ஒன்று தெளிவாக வந்து விழுந்தால் முகம் சுளிக்காதீர்கள், எங்களுக்கு அது நல்ல குறி.

ஆக, வீம்பு இல்லை. பக்கத்து வீட்டார் சொல்லும் புதுமையைப் பற்றிப் பேசுவது பங்குத்தந்தையின் வேலை, நான் அதில் தலையிட மாட்டேன்.

"பாட்டு போட்டு வைத்தால் பேச்சு வருமா?" என்ற கேள்விக்கு நேரடிப் பதில்: போட்டு வைத்தால் மட்டும் வராது. ஆனால் கேட்பதிலும் பலன் உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் புதிதாகப் பக்கவாதம் வந்த 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. ஒரு குழு தினமும் குறைந்தது ஒரு மணி நேரம் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டது, இன்னொரு குழு கதை ஒலிநாடாவைக் கேட்டது, மூன்றாவது குழுவுக்கு எதுவும் தரவில்லை. மூன்று மாதத்தில், கேட்ட சொற்களை நினைவில் வைக்கும் திறன் பாட்டுக் குழுவில் 60 சதவீதம் முன்னேறியிருந்தது. கதைக் குழுவில் 18, சும்மா இருந்தவர்களில் 29. மனச்சோர்வும் பாட்டு கேட்டவர்களிடம் குறைவாக இருந்தது. இதில் "தங்களுக்குப் பிடித்த" என்பதை மறந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வருகிற, இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்கிற பட்டியலை நம்பி அப்பாவுக்குத் தெரியாத எதையும் காதில் ஓட்ட வேண்டாம். அவர் வாலிபத்தில் கேட்ட சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு, கடலில் பாடியது, இவைதான் அவருக்கு மருந்து.

பேச்சுக்கு வேண்டியது அதற்கு அடுத்த படி. 1973-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பயிற்சியை வகுத்தார்கள், மெலடிக் இன்டொனேஷன் தெரபி என்று பெயர். பேரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்ததுதான். நாகர்கோவிலைச் சுற்றிய ஊர்களில் கோயில் கொடை விழா வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான். புலவர் ஒரு அடியைச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார், பின்பாட்டுக்காரர்கள் கடைசிச் சொல்லை ஏந்திக்கொள்வார்கள். கரமடி இழுக்கும்போதும் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போடுவார்கள். இந்த எடுப்பும் ஏந்தலும்தான் பயிற்சி. அப்பாவிடம் ஏற்கெனவே "ஆமா" இருக்கிறது. நீங்கள் புலவர் இடத்தில் உட்காருங்கள்.

முதலில் அவருக்கு அன்றாடம் தேவைப்படுகிற மூன்றே மூன்று பேச்சுகளைத் தேர்ந்தெடுங்கள். புத்தகத் தமிழ் வேண்டாம். உங்கள் வீட்டில் "வெள்ளம் வேணும்", "சாயா வேணும்" என்றால் அதுதான். மூன்றாவது அவர் உங்களைக் கூப்பிடும் விதமாக இருக்கட்டும், "மக்களே" என்றால் "மக்களே". தூரத்தில் போகிறவரைக் கூப்பிடும்போது நாம் எல்லோரும் இழுத்துப் பாடத்தான் செய்கிறோம், அந்த இழுப்பையே மெட்டாக வைத்துக்கொள்ளலாம். உயர்ந்த சுரம் ஒன்று, தாழ்ந்த சுரம் ஒன்று, இரண்டு போதும். சினிமா மெட்டில் போட வேண்டாம், பழைய வரி வந்து புதுச் சொல்லைத் தள்ளிவிடும்.

எதிரே உட்கார்ந்து அவருடைய இடது கையை உங்கள் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். "வெள்-ளம் வே-ணும்" என்று ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு, மடியிலோ மேசையிலோ. ஓர் அசைக்கு ஒரு விநாடி, அவ்வளவு மெதுவாக. முதலில் சொல் இல்லாமல் மெட்டை மட்டும் முனகுங்கள். அப்புறம் சொல்லோடு நீங்கள் பாடுங்கள், அவர் உங்கள் வாயைப் பார்க்கட்டும். அப்புறம் இருவரும் சேர்ந்து. நன்றாகச் சேர்ந்து வருகிறது என்றால், பாதியில் நீங்கள் நிறுத்திவிடுங்கள், "வெள்ளம்..." என்று விட்டால் அவர் "வேணும்" என்று முடிக்கிறாரா பாருங்கள். முடிக்கத் தொடங்கிய பிறகே "என்ன வேணும்?" என்ற கேள்வி. கடைசியில் மெட்டைக் குறைத்துக்கொண்டே போய்ச் சாதாரணப் பேச்சில் இறக்க வேண்டும். ஒரு படியில் தடுமாறினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். தினம் இரண்டு தடவை, பதினைந்து பதினைந்து நிமிடம் போதும். நான் பார்த்த ஒரு பாட்டிக்கு "சாயா" மட்டும் கூடிவர ஐந்து வாரம் ஆனது. அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை சாயா போட வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டாம்.

இதில் வேலை செய்வது மெட்டா, தாளமா, அல்லது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிற பழக்கமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்றும் சொல்ல முடியாது. மற்றவர் பேச்சு புரிகிறது, ஆனால் தானாகச் சொல்ல வரவில்லை என்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் பொருந்தும். பாட்டைப் பாடுவதால் மட்டும் அப்பா எந்த வகை என்று சொல்லிவிட முடியாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் சோதித்து, படிகளை அப்பாவுக்கு ஏற்ப மாற்றித் தருவார். "இனிப் பேச்சு வராது" என்று ஏழு மாதத்துக்குள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. பழைய மாதிரி ஊர்க்கதை பேசுவார் என்று நானும் வாக்குக் கொடுக்க மாட்டேன். வெள்ளம், சாயா, வலி, மகள் பெயர், இவ்வளவு வந்தாலே வீட்டில் நிலைமை மாறும்.

அதுவரை "ஆமா"வை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு பொருளைக் காட்டி இடது கையால் தொடச் சொல்லுங்கள். வேண்டும் என்றால் கட்டைவிரல் மேலே, வேண்டாம் என்றால் கீழே என்று பழக்குங்கள்.

நடைக்கும் தாளம் உதவும். அவர் இப்போது ஒரு நிமிடத்தில் எத்தனை எட்டு வைக்கிறார் என்று எண்ணுங்கள். செல்போனில் இலவசமாகக் கிடைக்கிற, சீராகத் தட்டொலி தரும் மெட்ரோனோம் செயலியில் அதே எண்ணிக்கையை வைத்து, அந்தத் தட்டுக்குக் கால் வைக்கச் சொல்லுங்கள். நன்றாகப் பழகிய பிறகு மிகக் கொஞ்சமாக, நூற்றுக்கு ஐந்து என்கிற அளவில் கூட்டலாம். வலப்பக்கம் ஒருவர் கட்டாயம் கூட நடக்க வேண்டும். இதை உங்கள் தம்பியிடம் ஒப்படையுங்கள். கோபத்துக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

அழுகையைப் பற்றி: பாடிவிட்டு அழுதது துக்கத்தால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பக்கவாதத்துக்குப் பிறகு அழுகையையும் சிரிப்பையும் அடக்குகிற பிடி தளர்ந்துபோவது உண்டு. இரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிட்டால் கவலையில்லை. ஆனால் சாப்பாடு பிடிக்காமல், தூக்கமில்லாமல், யார் வந்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால் அது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வருகிறது. மருந்து இருக்கிறது, பாட்டை நம்பி அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாப்பிடும்போது பாட வைக்காதீர்கள், கஞ்சி மூச்சுக்குழாயில் போய்விடும். விருந்தாளிகள் வந்தால் "அப்பா ஒரு பாட்டு பாடுங்க" என்று வேடிக்கை காட்டவும் வேண்டாம். பிரஷர் மாத்திரை ஒருநாள்கூடத் தவறக்கூடாது, மருத்துவமனைக்கு வர முடியவில்லை என்றால் அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்ட ஊழியரிடம் வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். மறுபடி வாய் கோணினாலோ, நல்ல கையும் தொய்ந்தாலோ, வரத் தொடங்கிய சொல் திடீரென்று நின்றாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

அடுத்த ஞாயிறும் பூசைக்கு அழைத்துப் போங்கள். பாடற்குழுவுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.