ஏணி வாங்கும் முன்: கடற்கரை ஊர்களின் கேள்விகளுக்குப் பதில்

சாரம் கட்டுவதும் ஏணி வாடகைக்கு விடுவதும் என் தொழில். பாம்பனிலிருந்து சாயல்குடி வரை வேலைக்குப் போகிறேன். ஏணி பற்றிய சந்தேகங்களை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்தன. எது மலிவு என்று மட்டும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. அதைக் கடைக்காரர் சொல்லிவிடுவார்.

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, எங்கள் மொட்டை மாடி தரையிலிருந்து 10 அடி. மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. 10 அடி ஏணி போதுமா?

போதாது தம்பி. ஏணியைச் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் அதன் கால் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். 10 அடிச் சுவருக்கு இரண்டரை அடி. மாடி விளிம்புக்கு மேலேயும் ஏணி 3 அடி நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஏறும்போது வராத பயம் இறங்கும்போதுதான் வரும். ஆகவே 14 அடி ஒற்றை ஏணி வாங்குங்கள். கைப்பிடிச் சுவர் இருந்தால் அதன் தலையிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

இரண்டு துண்டு நீட்டு ஏணி வாங்குவதானால் கடையில் சொல்லும் அளவை அப்படியே நம்ப வேண்டாம். 16 அடி என்றால் இரண்டு 8 அடித் துண்டுகள். நீட்டும்போது 3 அடியாவது ஒன்றன்மேல் ஒன்று கிடக்க வேண்டும் என்பதால் கைக்குக் கிடைப்பது 13 அடிதான். சாய்வுக்கும் கொஞ்சம் போவதால் அது எட்டாது, உங்களுக்கு 18 அடி வேண்டும்.

சாய்வு சரியா என்று பார்க்க அளவு நாடா தேவையில்லை. ஏணிக்காலைக் கால்விரல்களால் தொட்டபடி நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். உள்ளங்கை படியில் பட்டால் சரி. கை மடங்கினால் ஏணி செங்குத்தாக நிற்கிறது, எட்டாவிட்டால் படுத்துக் கிடக்கிறது.

பாம்பனிலிருந்து: இரும்பு, அலுமினியம், மூங்கில், இவற்றில் எது நீடிக்கும்? எங்கள் வீட்டில் இரும்பு எதுவும் நிற்பதில்லை.

உங்கள் ஊரில் நிற்காது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் காலமெல்லாம் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டியதைப் பார்த்தவர்கள்தானே நீங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் கொடுத்துத்தான் கட்டினார்கள். கடையில் வாங்கும் குழாய் ஏணிக்கு அந்த வசதி ஏது?

இரும்புக் குழாய் ஏணியில் கண்ணுக்குத் தெரியும் துரு பெரிய விஷயமில்லை. குழாய்க்குள் புகுந்த ஈரம் உள்ளிருந்து தின்பதுதான் ஆபத்து. வெளியே பெயின்ட் பளபளவென்றிருக்கும். ஏணியைத் தலைகீழாக நிறுத்தித் தட்டிப் பாருங்கள். துருத்தூள் கொட்டினால் அதில் ஏறாதீர்கள். வெல்டிங் வைத்த மூலைகளை ஸ்பேனரால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மழுங்கலாக ஒலிக்கும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. வெள்ளைப் பொடி பூக்கும், அது மேல்தோலோடு நின்றுவிடும். ஆனால் இரும்பு ரிவெட்டோ போல்ட்டோ போட்டிருந்தால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு பேட்டரி போல வேலை செய்து, ரிவெட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை அரித்துவிடும். ஒவ்வொரு படியையும் இரு கைகளாலும் பிடித்து முறுக்குங்கள். ஒரு படி அசைந்தாலும் அந்த ஏணி முடிந்தது. வாங்கும்போதே ரிவெட் அலுமினியமா என்று காந்தம் வைத்துப் பார்க்கலாம், இரும்பானால் ஒட்டிக்கொள்ளும்.

மூங்கிலை உப்பு ஒன்றும் செய்யாது, வண்டு செய்யும். கணுவுக்குக் கீழே மாவு போலத் தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே துளைத்துவிட்டது என்று அர்த்தம். நீளவாக்கில் விரிசல் விட்டதும் வேண்டாம். மூங்கில், மர ஏணிகளுக்கு பெயின்ட் அடிக்கவே கூடாது, விரிசலை மறைத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள்.

வீட்டுக்கென்றால் அலுமினியத்தையே சொல்வேன். அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவி வீட்டுக்குள் வையுங்கள். கொல்லைச் சுவரில் வருடம் முழுக்கச் சாத்தி வைத்தால் எந்த ஏணியும் தாங்காது.

கீழக்கரையிலிருந்து: சமையலறைப் பரணில் பாத்திரம் எடுக்க நாற்காலியில் ஏறினால் வாப்பா திட்டுகிறார்கள். எது வாங்கலாம், அண்ணன்?

வாப்பா திட்டுவது நியாயம்தான் சகோதரி. அகலப் படியும், மேல்படிக்கு மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் உள்ள 4 படி மடக்கு ஏணி போதும். விரித்ததும் நடுக்கம்பி முழுதாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். மடக்கிய நிலையில் சுவரில் சாய்த்து ஏறாதீர்கள், கால் வழுக்கிவிடும். ஏணியில் 100 கிலோ என்று எழுதியிருந்தால் அது உங்கள் எடையும் கையிலிருக்கும் பித்தளை அண்டாவின் எடையும் சேர்ந்த கணக்கு. அண்டாவைக் கீழே நின்று வாங்க ஓர் ஆள் இருக்கட்டும். இரண்டு கைகளிலும் பாத்திரம் இருந்தால் ஏணியைப் பிடிக்க எதுவும் மிஞ்சாது.

ஏர்வாடியிலிருந்து: எலக்ட்ரீசியன் வேலை செய்கிறேன். ஃபைபர் ஏணி விலை அதிகம். கட்டாயம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அலுமினிய ஏணியில் நின்று அதைத் தொட்டால் உங்கள் வழியாகத் தரைக்குப் போகும். ஆனால் ஃபைபர் என்றதும் கவலை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான ஃபைபர் ஏணிகளில் பக்கக் கால்கள்தான் ஃபைபர், படிகள் அலுமினியம். கால்கள் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும்வரைதான் காக்கும். நம் பக்கம் விடியற்காலையில் உப்புப் படலம் ஈரமாகிவிடும், அதில் மின்சாரம் ஓடும். வேலைக்கு முன் நல்ல தண்ணீரில் துடைத்து உலரவிடுங்கள். வெயிலில் கிடந்து இழை வெளியே தெரிந்தால், தொட்டாலே கை அரித்தால், மாற்றுங்கள். தெருவில் போகும் கம்பிக்கு 10 அடிக்குள் எந்த ஏணியையும் கொண்டுபோகாதீர்கள்.

மண்டபத்திலிருந்து: மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையேற்றி பெயின்ட் அடிக்கிறோம். மணலில் ஏணி நிற்க மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இருக்கின்றன. இரண்டு நாளைச் சாரம் கட்டச் செலவிடுங்கள். படகின் பக்கம் வெளியே பிதுங்கி வளைந்திருப்பதால் சாய்த்த ஏணியின் நுனி ஓர் இடத்தில்தான் படும், அதுவும் ஈரப் பெயின்ட்டில். நீங்கள் தூரிகையோடு பக்கவாட்டில் எட்டும்போது ஏணி சுழலும். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தால் கால் வழுக்குவதைத் தடுப்பார், சுழல்வதை அவரால் தடுக்க முடியாது. சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து, இரண்டு பலகைகளை அருகருகே போட்டுக் கட்டினால் நடந்துகொண்டே அடிக்கலாம். டிரம் மேல் பலகை போடுவது சாரம் ஆகாது.

படகின் மேல் ஏறி இறங்க மட்டும் ஏணி வையுங்கள். இரண்டு காலுக்கும் அடியில் ஒரே அகலப் பலகை, அதன் விளிம்பில் கால் நகராதபடி ஆணியடித்த ஒரு சட்டம், மேலே படகோடு கயிற்றுக் கட்டு. ஒரு காலை மட்டும் மணலில் புதைத்துச் சமன் செய்தால், நாலாவது ஆள் ஏறும்போது அது இன்னும் இறங்கும். கச்சான் என்ற மேல்காற்று வீசும் நாளில் வேலையை நிறுத்துங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: குழாய்க்குள் குழாய் சுருங்கும் ஏணி நல்லதா? காரில் வைக்க வசதியாக இருக்கிறது.

காருக்கு நல்லது. மணலும் உப்பும் அதன் பூட்டுகளுக்குள் போனால் பூட்டியது போலத் தெரியும், பூட்டியிருக்காது. கடலோரத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாயல்குடியிலிருந்து: அப்பா பனையேறியவர், இப்போது முடியவில்லை. காவோலை கழிக்க நீள ஏணி வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. உருண்டை மரத்தில் ஏணியின் ஒரே ஒரு படிதான் சாய்ந்து நிற்கும், இருபக்கமும் ஆடும். பனை உயரத்துக்கு ஏணியே சரியான கருவி அல்ல. ஊரில் இன்னும் ஏறுபவர் இருந்தால் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்.

தொண்டியிலிருந்து: வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்க மட்டும்தான் தேவை.

வாடகைக்கு எடுங்கள்.

உச்சிப்புளியிலிருந்து: விழுந்ததில் அலுமினிய ஏணியின் ஒரு கால் வளைந்துவிட்டது. நிமிர்த்திக் கொடுப்பீர்களா?

மாட்டேன். நிமிர்த்தினால் நேராகத் தெரியும், போன பலம் திரும்பாது. ரம்பத்தால் இரண்டாக அறுத்த பிறகு பழைய சாமான்காரரிடம் போடுங்கள். முழுதாகப் போட்டால் அதை யாராவது வாங்கி ஏறுவார்கள்.