வாசகர் கேள்வி – பதில்: யதார்த்தவாதமா, தாராளவாதமா?

கேள்வி: ‘யதார்த்தவாதம் போரைப் பேசுகிறது, தாராளவாதம் சமாதானத்தைப் பேசுகிறது’ என்று சர்வதேச உறவுகள் தேர்வில் எழுதினேன். பாதி மதிப்பெண்தான் வந்தது. ஏன்?
– முதுகலை மாணவி, சேரன்மகாதேவி

பதில்: அந்த வரியால்தான். இரண்டும் நாடுகளின் நடத்தையை விளக்கும் கோட்பாடுகள்: அதிகாரமும் பாதுகாப்பும்தான் நாடுகளை நடத்துகின்றன என்பது யதார்த்தவாதம்; விதிகளும் அமைப்புகளும் வியாபாரமும் அவற்றை ஒத்துழைக்க வைக்கும் என்பது தாராளவாதம். நாடுகள் ஒத்துழைப்பதை யதார்த்தவாதிகள் மறுப்பதில்லை. நாடுகளுக்கு மேலே ஓர் அரசு கிடையாது என்பதை இன்றைய தாராளவாதிகளும் ஒப்புக்கொள்கிறார்கள். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் தகராறு என்றால் தாசில்தாரிடம் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம். நாடுகளின் வழக்கையோ, இரு தரப்பும் சம்மதித்தால்தான் சர்வதேச நீதிமன்றம் விசாரிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கொடுத்த வாக்கு ஏன் நிற்கிறது, எப்போது முறிகிறது? பிரிவு இங்கேதான்.

இருவருக்கும் லாபம் என்றாலும் ‘யாருக்கு அதிகம்?’ என்றுதான் ஒரு நாடு பார்க்கும் என்றார் யதார்த்தவாதியான கென்னத் வால்ட்ஸ் (1979). கூடுதலாகப் பெற்றவர் நாளை அதை நம்மீதே திருப்பலாம் அல்லவா? தாராளவாதியான ராபர்ட் கோஹேன் (1984) வேறு இடத்தைத் தொட்டார்: ஏமாந்துவிடுவோமோ என்ற பயமே பெரிய தடை, யார் என்ன செய்கிறார் என்று வெளியே தெரியவைக்கும் விதிகளும் அமைப்புகளும் அதைக் குறைக்கும்.

உதாரணம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கூடங்குளத்தின் முதல் இரண்டு 1,000 மெகாவாட் உலைகளுக்கு 1988 நவம்பரில் இந்தியாவும் சோவியத் யூனியனும் ஒப்பந்தம் போட்டன. சோவியத் உடைந்ததும் திட்டம் படுத்துவிட்டது. 1998 மே மாதம் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்த, அடுத்த மாதமே ரஷ்யா துணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. எல்லா அணு நிலையங்களையும் சர்வதேசக் கண்காணிப்புக்குத் திறக்காத நாட்டுக்கு உலை விற்கக் கூடாது என்று அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு 1992-இலேயே விதி வகுத்திருந்தது. தேவை வந்தால் விதி வளையும் என்பார் யதார்த்தவாதி; இதில் அவர் பக்கம் வலுவானது. ஆனாலும் ரஷ்யா விதியைத் தூக்கி எறியவில்லை. ‘எங்கள் ஒப்பந்தம் அதற்கு முந்தையது’ என்று விதிக்குள் நின்றே வாதாடியது. தாராளவாதி பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

இன்னொன்று: அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31-இல் உடன்பட்டன. 1992 முதல் ஜனவரி 1 தோறும் அந்த நிலையங்களின் பட்டியல் கைமாறுகிறது; கார்கில் போருக்கு அடுத்த ஜனவரியிலும் மாறியது. இதை யதார்த்தவாதி விளக்கியாக வேண்டும். 1960-இன் சிந்து நதி ஒப்பந்தம் மூன்று போர்களைத் தாண்டியும் 2025-இல் நிறுத்திவைக்கப்பட்டதே, அதைத் தாராளவாதி விளக்கியாக வேண்டும்.

விடையில் கோட்பாடுகளின் வரையறைக்கு நான்கு வரி போதும். பிறகு ஒரே நிகழ்வை எடுத்து, இரு கோட்பாடுகளையும் அதில் ஓட்டி, எது எங்கே திணறுகிறது என்று எழுதுங்கள். ஆளுக்கொரு உதாரணம் கொடுத்தால் ஒப்பீடே நடக்காது. பலரும் மதிப்பெண் இழப்பது இதில்தான்.

கேள்வி: வியாபாரம் பெருகினால் போர் வராது என்பது உண்மையா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: அளவை மட்டும் பார்த்தால் இல்லை. 1914-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள்; அப்படியும் போர் வந்தது. உறவு அறுந்தால் யாருக்கு வலி அதிகம் என்று பாருங்கள். வலி குறைந்தவர் கையில் பிடி இருக்கும். 1977-இல் கோஹேனும் ஜோசப் நையும் எழுதியது இதைத்தான். தாராளவாதிகளே சொன்னது இது; அதனால் விடையில் இதை விட்டுவிடாதீர்கள்.