ராமேஸ்வரத்தில் ஒரு நாள், கடைத்தெருவையும் சேர்த்து

அன்புள்ள அக்காவுக்கு,

தோழிகள் ஐந்து பேர் மதுரையிலிருந்து ஒருநாள் பயணமாக ராமேஸ்வரம் கிளம்புகிறோம். கோயில், தனுஷ்கோடி, சிப்பிக் கடைகள் மூன்றும் வேண்டும். எங்களில் ஒருத்தி மட்டும், கடையில் செலவாகிற நேரம் வீண், சிப்பி வாங்குவதே தப்பு என்கிறாள். இரண்டு கட்சியாகிவிட்டோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடைத்தெருவுக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். தோழிகளோடு ராமேஸ்வரம் போகும்போதெல்லாம் நான் அதிகம் சிரித்தது அங்கேதான். சிப்பியில் பெயர் எழுதுபவரைச் சுற்றி நின்றுகொண்டு அந்தச் சின்ன இடத்தில் நீளமான பெயர் எப்படி அடங்கப்போகிறது என்று வேடிக்கை பார்ப்பதும், ஒருத்தி மும்முரமாகப் பேரம் பேசும்போது இன்னொருத்தி "குடுத்துடுடி, பாவம்" என்று கடைக்காரர் பக்கம் சாய்ந்துவிடுவதும் ஊர் பார்ப்பதில் சேர்த்திதான்.

ஆனால் கடையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தனுஷ்கோடி, ஏனென்றால் அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. 2017-இல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டதால் வண்டியிலேயே போகலாம். போகும்போது இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியாக இருப்பதைப் பெண் கடல் என்றும் அலையடிப்பதை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

வழியில் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயத்தில் இறங்கிச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அதில் வைத்துக் கட்டியிருப்பது பவளப்பாறை. காரை உதிர்ந்த இடங்களில் சின்னச் சின்னக் குழிகளும் பூப்போல விரிந்த வரிகளும் அப்படியே தெரியும், அத்தனையும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை. இப்படிக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் காலங்காலமாக வெட்டியெடுத்ததில், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்துத் தீவைக் காத்தது அந்தப் பாறைதான்.

அதனால் உங்கள் தோழி சொல்வதில் பாதி சரி. பவளம், கடல்குதிரை, விரல் விரலாக நீண்ட சங்குகளில் சில வகைகள், இவையெல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. யார் எடுத்துக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்குவது மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். எது என்னவென்று அடையாளம் தெரியாத சிப்பியையும் விட்டுவிடுவதே நல்லது, அழகாக இருக்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டாலும்.

சாதாரணப் பால் சங்கு அந்தப் பட்டியலில் இல்லை, அதைத் தாராளமாக வாங்கலாம். வலம்புரி என்று யாராவது மலிவாக நீட்டினால் மட்டும் வாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். நம் கடல் சங்கில் உள்பக்கம் மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாக இருக்கும். வழவழவென்று இருந்தால் அது அமெரிக்கக் கடற்கரையில் கிடைக்கும் வேறொரு சிப்பி, பிறவியிலேயே வலம்புரி போலச் சுழிந்திருப்பது.

எனக்குப் பிடித்தது பனையோலைப் பெட்டிதான். ராமநாதபுரம் பனைக்காட்டுச் சீமை, ஓலைக்குப் பஞ்சமில்லை, பின்னுகிறவர்களுக்கும் நாலு காசு சேரும். மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, இறுக்கமாக உட்காருகிறதா என்று சோதித்து வாங்குங்கள்.

அப்புறம் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் தனுஷ்கோடியிலிருந்து திரும்பிச் சாப்பிட்டுவிட்டு, பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்தைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் நடை திறந்ததும் போகலாம். 22 தீர்த்தமும் ஆடுவதென்றால் மாற்றுத்துணி கட்டாயம், ஈரத்தோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள். ஆடாவிட்டாலும் அந்தப் பிரகாரத்தை மட்டும் அவசரமில்லாமல் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். வெளியே வந்தால் கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பேரம் பேசுகிறவளை முன்னால் விடுங்கள், "பாவம்" சொல்கிறவளைக் கொஞ்ச நேரம் டீக்கடையில் உட்கார வையுங்கள்.