அன்னாசிப் பழத்தை எண்ணும் பெண்ணுக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் இரண்டாம் பி.யூ.சி. (நம்ம பிளஸ் டூ), கணக்கில் கெட்டி. மைத்துனர் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஆள் பிடித்துவிட்டாராம். ஓசூர் மனையை விற்றுக் கட்டிவிடலாமா என்று கேட்கிறார். பெண்ணோ பூவையும் பழத்தையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம்.

பதறாதீர்கள் சார், நேரம் இருக்கிறது. ஆறுதல் இவ்வளவுதான். மனையை விற்காதீர்கள். கோடிங் பிடிக்குமா என்று கேட்டதற்கு அவள் தோளைக் குலுக்கினாள் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். மைத்துனர் பையனுக்கு அந்தப் படிப்பு ஒத்துவந்தது, சந்தோஷம். அதற்காக உங்கள் மகளின் நான்கு வருடத்தையும் உங்கள் சேமிப்பையும் சேர்த்துப் பணயம் வைக்க வேண்டுமா?

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். அன்னாசியின் கண்கள் ஒரு பக்கச் சாய்வில் 8 வரிசை, எதிர்ச் சாய்வில் 13. ஒரு பழத்தில் மட்டும் கணக்கு உதைத்திருக்கிறது. அதை அடித்துவிடாமல், பின்னால் கண்ணாகப் போகிற மொட்டு எந்தக் கோணத்தில் முளைத்தால் எத்தனை வரிசை வரும் என்று அடுத்த பக்கம் முழுக்க வரைந்து பார்த்திருக்கிறாள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. புது மொட்டு ஒவ்வொன்றும் முந்தியவற்றை விட்டுத் தள்ளி, இடம் இருக்கிற பக்கம் முளைக்கிறது. அதனால் அடுத்தடுத்த மொட்டுகளுக்கு நடுவே சுமார் 137.5 டிகிரி அமைந்துவிடுகிறது. 1992இல் துவாடி, கூடேர் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர்கள் செடியே இல்லாமல், ஒன்றையொன்று விலக்கும் காந்தத் திரவத் துளிகளை வைத்து இதே சுருள்களை உண்டாக்கிக் காட்டினார்கள்.

கிரேக்கத்துப் பார்த்தெனான் கோயிலிலிருந்து நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓடு வரை எல்லாமே தங்க விகிதம் (சுமார் 1.618) என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதில் பெரும்பகுதி கட்டுக்கதை. உங்கள் மகள் நாட்டிலஸ் படத்தை ஸ்கேல் வைத்து அளந்து, ‘ஒத்துவரவில்லை’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். மார்க் ஷீட்டைவிட எனக்கு அந்த வரிதான் பிடித்தது.

பி.எஸ்ஸி., பி.எட். வழியெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுகிறேன். மைசூர் ரோட்டில் இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. அங்கே பி.மேத் ஆனர்ஸ் என்ற கணக்குப் பட்டப்படிப்பு நடக்கிறது. வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்தும் நம்மவர்கள் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. டியூஷன் கட்டணம் வாங்காமல், ஒழுங்காகப் படிப்பவர்களுக்கு மாத உதவித்தொகையும் கொடுத்துவந்த இடம் அது. விண்ணப்பிக்கும் ஆண்டின் விவரக்குறிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுத் தேர்வில் இரண்டு தாள். ஒன்று விடையைத் தேர்ந்தெடுப்பது. மற்றது ஒவ்வொரு படியையும் நிரூபித்து எழுதுவது. கோச்சிங்கில் ஷார்ட்கட் மட்டும் பழகியவர்கள் திணறுவது அதில்தான். உள்ளே போனாலும் சுகமில்லை, அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் பிழிந்தெடுக்கும். பூவை ரசிப்பது மட்டும் அங்கே போதாது.

வேலை? நிதி நிறுவனம், ரகசியக் குறியீட்டியல், டேட்டா, ஆராய்ச்சி என்று பல கதவுகள். சென்னையில் பிறந்து பிரசிடென்சியில் படித்த எஸ்.ஆர்.எஸ். வரதன் டாக்டர் பட்டம் வாங்கியது ஐ.எஸ்.ஐ.யில்தான், 2007இல் கணிதத்தின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு பெற்றார். கம்ப்யூட்டரை விட்டு விலகிப்போவதாகவும் நினைக்காதீர்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் வாசல் கோலத்தை எடுத்து, 1970களிலேயே கணினியியல் கோட்பாட்டில் வேலை செய்தவர்கள்.

இடம் குறைவு, கிடைக்காமலும் போகலாம். அப்போதும் நல்ல கல்லூரியில் கணக்கு படிக்கட்டும், மனை இருக்கட்டும்.

மைத்துனரிடம் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். ஐ.எஸ்.ஐ. இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கும். நிரூபணத் தாளிலிருந்து ஒரே ஒரு கணக்கை அவளிடம் கொடுங்கள், கடிகாரம் வைக்காதீர்கள். மறுநாளும் அதையே நோண்டிக்கொண்டிருந்தால் விண்ணப்பம் போடுங்கள். அரை மணியில் மூடி வைத்துவிட்டால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேறு வழி பேசுவோம்.