176 எங்கிருந்து வந்தது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். பள்ளியில் சமூக அறிவியல் புராஜெக்டுக்கு 'மக்கள்தொகையும் குடியரசுத் தலைவர் தேர்தலும்' என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7,21,47,030. அதை 234 எம்.எல்.ஏ.க்களுக்கு வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால், குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போடும் ஒரு எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 308 வருகிறது. மிஸ் அதை அடித்துவிட்டு 176 என்று எழுதிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். என் கணக்கில் என்ன தப்பு?
- பத்தாம் வகுப்பு மாணவி, ஏற்காடு

பதில்: உன் கணக்கில் தப்பே இல்லை கண்ணு. வகுத்தது சரி, ஆயிரத்தால் வகுத்ததும் சரி. நீ எடுத்த வருஷம்தான் வேறு. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இன்றைக்கும் 1971 மக்கள்தொகையைத்தான் எடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 55-ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது. 1971-ல் தமிழ்நாட்டில் 4,11,99,168 பேர். இதை 234-ஆல் வகுத்தால் 1,76,064 சொச்சம், ஆயிரத்தால் வகுத்தால் 176. மீதி 500-க்குக் குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும், 500 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். சிக்கிமுக்குப் போட்டுப் பார், 2,09,843 பேர், 32 எம்.எல்.ஏ.க்கள், ஆளுக்கு 6,557 வரும், மீதி 557 என்பதால் மதிப்பு 7 ஆகிவிடும்.

அப்படியானால் ஏன் 1971? உன் தாத்தா பாட்டியை எண்ணிய கணக்கை வைத்து இன்றைக்கு ஏன் ஓட்டுக்கு எடை போட வேண்டும்? உன் புராஜெக்டின் உயிரே இந்தக் கேள்விதான், இதை அடித்துவிட்டுப் போவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. 1976-ல் 42-ஆவது திருத்தம் வந்தபோது நாடு முழுக்கக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலத்துக்கு நாடாளுமன்ற இடமும் குறையும், ஓட்டின் மதிப்பும் குறையும் என்றால் எந்த மாநிலம் குறைக்க முன்வரும்? அதனால் 1971 எண்ணிக்கையை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். முதலில் 2000-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரைக்கும் என்றார்கள், அப்புறம் 2001-ல் 84-ஆவது திருத்தத்தில் அதை 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும் வரைக்கும் என்று நீட்டினார்கள். 1974 தேர்தலில் தொடங்கி 2022-ல் திரௌபதி முர்மு ஜெயித்த தேர்தல் வரை இதே 1971 கணக்குதான்.

சரி, உன் 308-ஐத் தூக்கிப் போட்டுவிடாதே. அதை 176-க்குப் பக்கத்தில் வை, ஆனால் தமிழ்நாட்டை மட்டும் வைத்தால் ஏமாந்துபோவாய், 176-லிருந்து 308 ஆனால் நமக்கு 132 லாபம் என்று எழுதத் தோன்றும். மற்ற மாநிலங்களையும் போட்டுப் பார். பீகாரில் 1971-ல் 4,21,26,236 பேர், 243 எம்.எல்.ஏ.க்கள், மதிப்பு 173, நம்மைவிட மூன்று குறைவு. 2011-ல் அங்கே 10,40,99,452 பேர், மதிப்பு 428 ஆகிறது, நம்முடையது 308. உத்தரப் பிரதேசம் 208-லிருந்து 496-க்குப் போகும். கேரளம் 152-லிருந்து 239-க்கு வரும், ராஜஸ்தான் 129-லிருந்து 343-க்கு ஏறிவிடும். எல்லோருடைய எண்ணும் கூடும்போது, யாருடையது எவ்வளவு வேகமாகக் கூடியது என்பதுதான் பேச்சு. ராஜஸ்தானின் 129-ஐயும் 343-ஐயும் நம் 176, 308-ஓடு ஒரே சார்ட்டில் வரைந்து காட்டு, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எதற்காகப் பயந்தார்கள் என்பது பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். பீகாரிலும் ராஜஸ்தானிலும் இருப்பவர்களும் மனிதர்கள்தானே, ஆளுக்கு ஒரே மதிப்பு வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான், அதையும் எழுது. என் மனசு 1971 பக்கம்தான் சாய்கிறது, நம் பெண்கள் கஷ்டப்பட்டுச் செய்த ஒரு காரியத்துக்குத் தண்டனை கிடைக்கக் கூடாது என்பதால். நீ உன் முடிவை எடு.

ஒரு இடத்தில் கவனமாக இரு. பழைய சென்சஸ் புத்தகத்தில் உத்தரப் பிரதேசத்துக்கு 8,83,41,144 என்று இருக்கும், அதை அப்படியே எடுத்தால் 219 வந்து நிற்கும். அதில் இன்றைய உத்தராகண்டின் 44,91,239 பேரும் சேர்ந்திருக்கிறார்கள், கழித்துவிட்டால் 8,38,49,905, மதிப்பு 208. நம் ஊரிலும் இதே கதை உண்டு. 1971-ன் சேலம் மாவட்டத்தில் நாமக்கல்லும் அடக்கம், 1997-ல்தான் அது தனி மாவட்டமானது. பழைய சேலத்தையும் 2011-ன் 34,82,056 பேரையும் நேராக ஒப்பிட்டால் சேலத்தில் ஜனம் கொஞ்சம்தான் பெருகியது என்பது போலத் தெரியும்.

கேள்வி: ஏற்காடு தொகுதியில் மலைக்கிராமங்கள், சேலம் மேற்கில் நெருக்கடியான நகரம். இரண்டு எம்.எல்.ஏ.க்களுக்கும் ஒரே 176 என்பது சரியா?
- வாசகர், ஆத்தூர்

பதில்: சரிதான். தொகுதியில் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை, மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையைத்தான் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு தொடங்கி எடப்பாடி, சங்ககிரி வரை சேலம் மாவட்டத்தில் 11 தொகுதிகள், எல்லாம் சேர்ந்து 1,936. தமிழ்நாடு முழுக்க 41,184. எம்.பி.க்களின் மதிப்பும் இதிலிருந்துதான் பிறக்கிறது, நாட்டின் எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 2022-ல் 5,43,231-ஐ 776-ஆல் வகுத்தார்கள், 700 வந்தது. 2017-ல் அது 708, நடுவில் ஜம்மு காஷ்மீர் சட்டமன்றம் இல்லாமல் போனதால் குறைந்தது. ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதி, தமிழ்நாட்டில் அப்படி ஏற்காடும் சேந்தமங்கலமும் ஆக இரண்டுதான். அந்த எம்.எல்.ஏ.வின் ஓட்டும் சென்னை எம்.எல்.ஏ.வின் ஓட்டும் ஒரே எடை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கேள்வி: என் மகன் அமெரிக்க அதிபர் தேர்தலை வைத்து இதே மாதிரி புராஜெக்ட் செய்கிறான். அங்கேயும் மக்கள்தொகைக்குத் தொடர்பு உண்டா?
- வாசகி, ஓமலூர்

பதில்: உண்டு அம்மா, ஆனால் அங்கே எண்ணை நிறுத்தி வைப்பதில்லை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, பிரதிநிதிகள் சபை இடங்களை மாநிலங்களுக்குள் மறுபடி பிரிப்பார்கள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் அந்த இடங்களோடு செனட்டின் இரண்டைச் சேர்த்தால் அதுதான் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கை. தலைநகர் வாஷிங்டனின் மூன்றையும் சேர்த்து மொத்தம் 538, ஜெயிக்க 270. 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு டெக்சாஸுக்கு இரண்டு கூடி 40, கலிபோர்னியாவுக்கு ஒன்று குறைந்து 54, இந்த எண்களை முதலில் பயன்படுத்தியது 2024 தேர்தல். அந்த இரண்டு செனட் இடத்தால் சின்ன மாநிலத்துக்குக் கனம் கூடிவிடுகிறது. வயோமிங்கில் 5,76,851 பேருக்கு 3 தேர்வாளர்கள், ஒருவருக்கு ஏறக்குறைய 1.92 லட்சம் பேர். கலிபோர்னியாவில் 3,95,38,223 பேருக்கு 54, ஒருவருக்கு 7.32 லட்சம். பையனை இந்த ஒரு வகுத்தலை ஐம்பது மாநிலங்களுக்கும் போடச் சொல்லுங்கள், போதும். ஓட்டுரிமை உள்ளவர்களை மட்டும் இல்லாமல் குழந்தைகள், குடியுரிமை இல்லாதவர்கள் எல்லோரையும் சேர்த்து எண்ணித்தான் இடம் பிரிக்கிறார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: சேலத்தில் இருந்த ராஜாஜி குடியரசுத் தலைவராக இருந்தாரா? வீட்டில் வாக்குவாதம்.
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: இல்லை. சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்தவர், 1948-லிருந்து 1950 வரை கவர்னர் ஜெனரல். முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்.

கேள்வி: எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். 2027 சென்சஸுக்கு வீட்டுக்கு வருவார்கள் என்கிறார்கள். எல்லோர் பேரையும் சொல்ல வேண்டுமா, சொன்னால் ஏதாவது வில்லங்கம் வருமா என்று மாமியார் பயப்படுகிறார்.
- வாசகி, ஏற்காடு

பதில்: பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. 1948 சென்சஸ் சட்டப்படி நீங்கள் தருகிற விவரத்தை வேறு யாரும் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. எல்லோர் பேரையும் சொல்லுங்கள். 2001-ல் நானே நாகலூர்ப் பக்கம் கணக்கெடுக்கப் போனேன், ஒரு வீட்டில் பாட்டி ஐந்து பேர் என்று சொல்லி அனுப்பப் பார்த்தார், உள்ளே தூளி ஆடுகிற சத்தம் கேட்டது. யாரம்மா அது என்றேன். அவனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லையே, அவனையுமா எழுதுவீர்கள் என்றார். எழுதினேன், ஆறாவது ஆளாக.