சக்கரம் சுத்துது, டார்ட் போகலையே!

வீட்டிலேயே மோட்டார் வைத்துச் செய்யும் ஃபோம் டார்ட் (நுரைப் பஞ்சில் செய்த குட்டி அம்பு) துப்பாக்கி பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். எதிரெதிராகச் சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே டார்ட்டைத் தள்ளினால், அவை அதைக் கவ்வி முன்னால் வீசும். இவ்வளவுதான் இதன் தத்துவம்.

கல்லூரி மாணவர், பாலக்கோடு: இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரி கொடுத்திருக்கிறேன். வெறுமனே விட்டால் பிய்த்துக்கொண்டு சுற்றுகிறது. டார்ட்டைத் தள்ளினால் நின்றுவிடுகிறது. 12 வோல்ட் போட்டால் சரியாகுமா?

போடாதீர்கள். உங்களுக்குக் குறைவது வோல்ட் அல்ல, ஆம்பியர். அந்தச் சதுர பேட்டரியின் உள்மின்தடையே ஒன்றரை, இரண்டு ஓம் வரும். டார்ட் கவ்வப்படும் கணத்தில் மோட்டார்கள் சேர்ந்து 3 ஆம்பியர் கேட்டால், நாலரை முதல் 6 வோல்ட் வரை பேட்டரிக்குள்ளேயே போய்விடும். மல்டிமீட்டருக்கு அது போதும், மோட்டாருக்குப் போதாது.

பொம்மைக் காரில் வரும் 130 அளவு மோட்டார்தானே வைத்திருக்கிறீர்கள் (உடல் 25 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 15 மி.மீ. கனம், அச்சு 2 மி.மீ.)? 3 முதல் 6 வோல்ட் ரகமென்றால், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்சில் செல் நான்கை வரிசையாகப் போடுங்கள். 4.8 வோல்ட்தான் கிடைக்கும். ஆனால் பாரம் விழும்போது தாக்குப்பிடிக்கும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதா செல் இதற்கு உதவாது. 18650 லித்தியம் செல் இரண்டு போட்டால் முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரும். அதைத் தாங்கும் மோட்டார் இருந்தால் மட்டும், பாதுகாப்பு போர்டும் ஃபியூஸும் வைத்து அந்தப் பக்கம் போங்கள். மேலுறையில் 9900 என்று அச்சடித்த செல் போலி. அந்த அளவு செல்லில் 3500 மில்லியாம்பியர்-மணியைத் தாண்டுவதே அபூர்வம்.

மோட்டார்களைப் பக்க இணைப்பில் கொடுங்கள், தொடர் இணைப்பில் வேண்டாம். ஒயர் 0.75 சதுர மி.மீ., சுவிட்ச் 10 ஆம்பியருக்குக் குறையாத மைக்ரோ சுவிட்ச். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, கார் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 7.5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஒன்று. பிறகு மோட்டார் ஓடும்போது பேட்டரி முனையிலும் மோட்டார் முனையிலும் வோல்ட் அளந்து பாருங்கள். 0.2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் கோளாறு சுவிட்சிலோ சால்டரிலோ இருக்கிறது.

வாசகர், காவேரிப்பட்டணம்: லேத் பட்டறையில் 34 மி.மீ. விட்டத்தில் நைலான் சக்கரம் கடைந்து வாங்கினேன். டார்ட் மூன்று மீட்டரில் தொப்பென்று விழுகிறது. சில சமயம் இடப்பக்கம் விலகிப் போகிறது. இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்?

டார்ட்டின் கனம் ஏறக்குறைய 13 மி.மீ. சக்கரங்களின் விளிம்புகளுக்கு நடுவே 9.5 மி.மீ. விட்டால் ஃபோம் நன்றாக அமுங்கிப் பிடிமானம் கிடைக்கும். விட்டத்தோடு இடைவெளியைக் கூட்டினால் அச்சுக்கு அச்சு தூரம் வந்துவிடும்: உங்களுக்கு 34-உம் 9.5-உம் சேர்த்து 43.5 மி.மீ. இதை ஒரே அடியாகத் துளையிட்டு முடித்துவிடாதீர்கள். ஒரு மோட்டாரை நிலையாக வைத்து, மற்றதன் துளைகளை மட்டும் 2 மி.மீ. நீளவாட்டில் அராவி நகரும்படி செய்யுங்கள். இடைவெளியை 10.5-இல் தொடங்கி அரை அரை மி.மீ. ஆகக் குறைத்து வாருங்கள். டார்ட் வழுக்கிக்கொண்டு போனால் இடைவெளி அதிகம். சக்கரத்தின் இரைச்சல் சட்டென்று கம்மிப்போய், மீண்டும் வேகமெடுக்க நேரமானால் இடைவெளி குறைவு. சிறிய மோட்டாருக்குப் பெரும்பாலும் 9.5-க்கும் 10-க்கும் நடுவே ஓர் இடம் பிடிபடும்.

வேகக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 34 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 107 மி.மீ. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் விளிம்பு நொடிக்கு 21 மீட்டர் ஓடும். டார்ட் எப்போதும் இதற்குக் கீழேதான் போகும். 18 கிடைத்தாலே, நெஞ்சு உயரத்தில் மட்டமாக விட்ட டார்ட் ஏழெட்டு மீட்டர் போய் விழ வேண்டும். மூன்று மீட்டர் என்பது வழுக்கல்தான். நைலான் வழவழப்பானது. விளிம்பை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். சைக்கிள் டியூபை வெட்டி மாட்டும் யோசனை பலருக்கு வருகிறது. அந்தச் சுழற்சியில் ரப்பர் விரிந்து பிய்த்துக்கொண்டு பறக்கும், வேண்டவே வேண்டாம்.

இடப்பக்கம் விலகுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, மோட்டார்கள் ஜோடியாக இல்லை. ஒன்று புதிது, இன்னொன்று பழைய டிவிடி பிளேயரில் கழற்றியது என்றால் வேகம் ஒத்துப்போகாது. ஒரே மாடலில், ஒரே சமயத்தில் வாங்குங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வருகிறவர் யாரிடமாவது சொல்லிவிட்டால் நாலு மோட்டாராக வாங்கி, அதில் ஒத்துவரும் இரண்டைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டாவது, சக்கரம் கோணலாகச் சுற்றுகிறது. நடுத்துளையையும் வெளிவிட்டத்தையும் ஒரே பிடிப்பில் கடைந்து, கடைசியில் துண்டித்து எடுக்கச் சொல்லுங்கள். லேத்தின் சக்கில் (பிடியில்) கழற்றி மாட்டிக் கடைந்தால் மையம் தப்பும். கையில் பிடித்து ஓட்டும்போது விரல் மரத்துப்போகிற அளவு அதிர்ந்தால் அந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டு மேலே போகாதீர்கள்.

குழலுக்கு எலக்ட்ரிக் வேலைக்கு வரும் 20 மி.மீ. பிவிசி பைப் ஒரு சாண் போதும். டார்ட் அதன் சுவரை உரசக் கூடாது. இறுக்கமான குழல் இந்த வகையில் வேகத்தைத் தின்னும்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர், பென்னாகரம்: தள்ளும் கம்பி சக்கரத்தில் இடித்து ‘கிர்ர்’ என்கிறது. டார்ட்டும் நடுவில் சிக்கிக்கொள்கிறது.

உங்கள் கம்பி இடைவெளியை விடத் தடிமன். 6 மி.மீ. அலுமினியக் கம்பி எடுத்து நுனியைத் தட்டையாக்குங்கள். டார்ட்டின் மூக்கு சக்கரங்களுக்குள் ஒரு செ.மீ. நுழையும் வரை தள்ளினால் போதும், மீதியைச் சக்கரம் இழுத்துக்கொள்ளும். டார்ட் கிடக்கும் பள்ளம் 14 மி.மீ. அகலம் இருக்கட்டும். சுவிட்சை அமுக்கி, முழு வேகம் வந்த பிறகே தள்ள வேண்டும். நிற்கும் சக்கரத்தில் தள்ளினால் மோட்டார் அப்படியே உறைந்து, ஒயர் சூடேறி, நாற்றம் வரும். சிக்கினால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு விரலை விடுங்கள்.

ஒரு தாயார், பர்கூர்: பையனுக்குப் பதினொரு வயது. அவனும் சித்தப்பாவும் சேர்ந்து இதைச் செய்கிறார்கள். பயமாக இருக்கிறது, விடலாமா?

செய்யட்டும் அம்மா, சால்டரிங் மட்டும் சித்தப்பா கையில் இருக்கட்டும். 1.2 கிராம் டார்ட் நொடிக்கு 20 மீட்டரில் வந்தால் கால் ஜூல் ஆற்றல்தான். தோலில் சுள்ளென்று படும், அவ்வளவே. கண் அப்படியல்ல. பவர் கண்ணாடி கண்ணுக்குக் காவல் ஆகாது. ஹார்டுவேர் கடையில் கேட்டு, பக்கமும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள், வேடிக்கை பார்க்கும் தங்கைக்கும் சேர்த்து. வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் நாலு மடங்கு ஏறும். ஆகவே ‘இன்னும் கொஞ்சம் பவர்’ என்ற பேச்சை இருவரிடமும் அனுமதிக்காதீர்கள். டார்ட் நுனியில் ஆணி, குண்டூசி, எம்-சீல் எதுவும் ஏறக் கூடாது. சக்கரத்தைச் சுற்றி மூடி கட்டாயம். வெளியே ஆரஞ்சோ மஞ்சளோ அடியுங்கள். கறுப்படித்து பஸ் ஸ்டாண்டில் தூக்கிக்கொண்டு நடந்தால் வீண் வம்பு.

வாசகர், ஓசூர்: பத்து துப்பாக்கி செய்து விற்கலாமா?

14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உரிமம் இல்லாமல் விற்க முடியாது. வீட்டு உபயோகத்தோடு நிறுத்துங்கள்.

வாசகர், அரூர்: சக்கரம் அச்சிலிருந்து கழன்று வருகிறது. ஃபெவிக்விக் விட்டேன், இப்போது மோட்டாரே சுற்றவில்லை.

பசை அச்சோடு வழிந்து, அச்சைத் தாங்கும் புஷ்ஷுக்குள் இறங்கிவிட்டது. அந்த மோட்டார் போனதுதான். சக்கரத்தின் துளை 1.9 மி.மீ. இருக்க வேண்டும். 2 மி.மீ. டிரில் பிட் போட்டால் துளை எப்போதும் சற்றுப் பெரிதாகவே வரும். 1.9 பிட்டால் துளைத்து, மோட்டாரின் பின்பக்க அச்சு நுனிக்கு ஓர் இரும்புத் தட்டை முட்டுக்கொடுத்து, வைஸில் மெதுவாக அழுத்தி ஏற்றுங்கள். சுத்தியலால் தட்டினால் பின் மூடி பெயர்ந்துவிடும். கோணலாக ஏறிய சக்கரத்தை நிமிர்த்திச் சரிசெய்ய முடியாது. வேறு சக்கரம்தான் போட வேண்டும், அதனால் லேத்தில் கடையும்போதே நாலாகச் சொல்லிவிடுங்கள்.